மறையூர்ப் பக்கம் மொட்டைமேட்டில் 1,500 நாற்று நடப் போகிறோம்: எந்த மரம் வைக்கலாம்?

#1 கோவில்கடவு_கதிர்

எல்லோருக்கும் வணக்கம். கேரளத்து இடுக்கி மாவட்டத்தில், மறையூருக்கும் காந்தளூருக்கும் நடுவில், எங்கள் ஊருக்கு மேலே ஒரு மேடு இருக்கிறது. முழுக்கப் புல், அங்கங்கே பாறை, எண்ணிப் பார்த்தால் ஏழெட்டு நெல்லி மரம். ஊரில் அதற்குப் பேரே மொட்டைமேடு. வனம்வகுப்பு (வனத்துறை) எல்லைக்கு வெளியே இருக்கிற ரெவென்யூ நிலம்.

ஜூன் 5 அன்று எங்கள் மன்றத்துப் பையன்கள் முப்பது பேர் அங்கே 1,500 நாற்று நடுவதாக இருக்கிறோம். நாற்று இலவசமாகக் கிடைக்கிறது. முதல் நாற்றை வைக்கப் பஞ்சாயத்து மெம்பர் வருகிறார். வேம்பு, புங்கன், மகாகனி, கொஞ்சம் சில்வர் ஓக் என்று பட்டியல் போட்டிருக்கிறோம். மாடு கடிக்காத, தண்ணீர் அதிகம் கேட்காத மரம் வேறு ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள். ஒவ்வொரு வருஷமும் மாசி பங்குனியில் அந்த மேடு கருகிக் கிடப்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

#2 மரம்நடுவோம்_சென்னை

அருமை தம்பி! இலுப்பை, நாவல், ஆவி, மூங்கில் எல்லாம் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டடிக்கு இரண்டடி குழி, அடியில் தொழுவுரம். புல்லைச் சுத்தமாகச் செதுக்கிவிட்டு நடுங்கள், இல்லாவிட்டால் நாற்றை அமுக்கிவிடும். படம் போட மறக்காதீர்கள்.

#3 உடுமலை_தாவரம்

கதிர், நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வேறொன்றைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த மேட்டில் எந்த மரமும் வைக்க வேண்டாம்.

நான் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறவள். உங்கள் ஊர்ச் சரிவுகளுக்குப் பல வருஷமாக ஐப்பசி, கார்த்திகையில் மாணவர்களைக் கூட்டி வருகிறேன். நீங்கள் பங்குனியில் பார்க்கிற மேடும் நான் கார்த்திகையில் பார்க்கிற மேடும் ஒன்றுதானா என்று சந்தேகம் வந்துவிடும். தைலப்புல் இடுப்பளவு நிற்கும். அதை விலக்கிக் கீழே பார்த்தால் விஷ்ணுகிரந்தி நீலப் பொட்டு வைத்ததுபோல் விரிந்திருக்கும். பாறை இடுக்கில் கள்ளிமுளையான். கிலுகிலுப்பைச் செடியில் காய்ந்த இலையையும் தண்டையும் சுரண்டி உறிஞ்ச நீலவரியன் பட்டாம்பூச்சிகள் கும்பலாக உட்கார்ந்திருக்கும். ஆண் பூச்சிகளுக்கு அந்தச் செடியின் சத்து இல்லாமல் ஜோடி சேர்வது கடினம். தரையில் முளைக்கிற ஆர்க்கிட்கள் இருக்கின்றன. காந்தளூர்க்காரர்களுக்குக் காந்தள் பூவை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதில் முக்கால்வாசி, வெயில் காலத்தில் மண்ணுக்கு மேலே இருக்காது. கிழங்காகவும் வேர்க்கட்டையாகவும் உள்ளே ஒளிந்திருக்கும். மழை பெய்தால் எழுந்திருக்கும். அதனால்தான் மே மாதம் போய்ப் பார்க்கிற யாருக்கும் அது மொட்டையாகத் தெரிகிறது. நிழல் விழுந்தால் இவற்றில் பெரும்பாலானவை தாங்காது. உங்கள் 1,500 நாற்றில் பாதி பிழைத்தாலும் அடியில் இருப்பவை போய்விடும்.

இன்னொன்று. ஜூன் 5 மூணாறுக்குச் சரியான நாள், உங்களுக்கு இல்லை. மூணாறில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. அங்கிருந்து அறுபது கிலோமீட்டருக்குள் இருக்கிற சின்னாறில் 500 சுமாருக்குத்தான் பெய்கிறது. ஆனைமுடி வரிசை தென்மேற்கு மழையை மறித்துக்கொள்கிறது. நமக்கு வந்து சேர்வது காற்று. ஆடிக் காற்றில் நட்ட நாற்றைப் பார்க்க ஆவணியில் போனால் குச்சிதான் இருக்கும்.

#4 பாம்பாற்றுக்கரை

டீச்சர் சொல்வது படிக்க நன்றாக இருக்கிறது. நான் கரும்பு போடுகிறவன், வயசு அறுபத்திரண்டு. மரம் இருந்தால் மழை, மழை இருந்தால் பாம்பாற்றில் தண்ணீர், தண்ணீர் இருந்தால் சர்க்கரை காய்ச்ச முடியும். இது என் அப்பன் சொன்ன கணக்கு. புல்லைக் கட்டிக்கொண்டு அழுதால் யாருக்குச் சோறு? அந்த மேட்டுப் புல்லை மாடு கூடத் தின்னாது. ஊசிப்புல் ஒன்று இருக்கிறதே, வேட்டியில் ஏறினால் வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் பிடுங்க வேண்டும். ஆட்டுத் தோலையே துளைத்துக்கொண்டு போகும். அதைக் காப்பாற்றத்தான் வேண்டுமா?

#5 உடுமலை_தாவரம்

ஐயா, அந்த ஊசியைப் பற்றி மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்த விஷயம். அதன் வால் ஈரம் பட்டால் முறுக்கு அவிழும், காய்ந்தால் திரும்ப முறுக்கிக்கொள்ளும். பகலும் இரவும் மாறி மாறி அப்படித் திருகித் திருகி விதை தன்னையே மண்ணுக்குள் இறக்கிக்கொள்ளும். மேலே தீ போனாலும் உள்ளே விதை பத்திரம். உங்கள் வேட்டியை மண் என்று நினைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

தண்ணீர்க் கணக்குக்கு வருகிறேன். ஊட்டி பக்கம் கிளென்மார்கனில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். புல்வெளியும் சோலையும் (மலைப் பள்ளத்தில் நிற்கிற காடு) உள்ள இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்து, ஒன்றை அப்படியே விட்டு, இன்னொன்றின் ஒரு பகுதியில் 1972-ல் யூகலிப்டஸ் நட்டார்கள். முதல் பத்து ஆண்டில் நட்ட பக்கத்து ஓடையில் நீர் 16 சதவீதம் குறைந்தது. வெட்டி மறுபடி தழைத்த இரண்டாம் சுற்றில் குறைவு இன்னும் அதிகமானது. தென்னாப்பிரிக்காவில் மோகோபுலான் என்ற மலைப் புல்வெளியிலும் இதே சோதனை. அங்கே யூகலிப்டஸ் வைத்த ஒன்பதாம் வருஷம் ஓடை முழுக்க வற்றிப்போனது. அங்கே நட்டது எது தெரியுமா? நம் வட்டவடைக்காரர்கள் வாயில் நிற்கிற அதே கிராண்டிஸ் என்ற யூகலிப்டஸ் வகை.

உங்கள் அப்பா சொன்னது சோலைக்குச் சரி ஐயா. சோலை பள்ளத்தில் இருக்கும், மேடு புல்லுக்கு. இரண்டும் இடம் மாறினால்தான் வம்பு.

#6 வரையாடு_2695

மூணாறு எஸ்டேட் பிள்ளை நான். மேலே சொன்னதற்கு எங்கள் பக்கத்து அனுபவம் சேர்க்கிறேன்.

பழனி மலைகளில் 1970-களிலிருந்து நாற்பது ஆண்டில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். அது போனது கட்டிடத்துக்கு இல்லை, பெரும்பாலும் மரத்துக்கும் விவசாயத்துக்கும். வாட்டில், பைன், யூகாலி. யாரும் கெட்ட எண்ணத்தில் நடவில்லை. தோல் பதனிடப் பட்டை வேண்டும், காகிதத்துக்கு மரக்கூழ் வேண்டும், விறகு வேண்டும், மலையோ சும்மா கிடக்கிறது. நட்டார்கள்.

வாட்டிலின் சேட்டை என்னவென்றால், வெட்டினாலும் போகாது. விதை மண்ணுக்குள் பல பத்து வருஷம் தூங்கும். தீ பட்டால் தோல் வெடித்து ஒட்டுமொத்தமாக முளைக்கும். வட்டவடைப் பக்கம் பழத்தோட்டம் என்ற பகுதியில் வாட்டில் எரிந்துபோன இடத்தில் திரும்பப் புல்லைக் கொண்டுவர வேலை நடந்தது. புல்லை நாற்றாக வளர்த்து நடுவது, முளைக்கிற வாட்டிலைக் கையால் பிடுங்குவது, மறுபடி பிடுங்குவது. ஊர்க்காரர்கள்தான் செய்தார்கள். மரம் நடுவது ஒரு நாள் வேலை. புல் நடுவது எத்தனை வருஷ வேலை என்று அவர்களைக் கேளுங்கள்.

எரவிகுளம் தேசியப் பூங்கா 97 சதுர கிலோமீட்டர். அதில் புல்மேடு இருப்பதால்தான் எண்ணூறு வரையாடு நிற்கிறது. மரத்தடியில் வரையாடு மேய்ந்து நான் பார்த்ததில்லை.

#7 மரம்நடுவோம்_சென்னை

எல்லோரும் வாட்டில், யூகாலி என்று வெளிநாட்டு மரத்தையே சொல்கிறீர்கள். நாங்கள் நாட்டு மரம்தானே நடச் சொல்கிறோம்? அப்புறம், அந்த மேட்டில் முன்னொரு காலத்தில் காடு இருந்து, வெட்டி எரித்து, புல்லாகப் போயிருந்தால்? அப்போது மரம் நடுவது பழையதைத் திருப்பிக் கொடுப்பதுதானே? கரியமில வாயுவைப் பிடிக்க மரத்தை விட்டால் வேறு வழி என்ன இருக்கிறது?

#8 தைலக்காரி

நடுவில் வருகிறேன், மன்னிக்கணும். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் புல் அறுத்துத் தைலம் காய்ச்சினோம். இப்போது பாதி விட்டாச்சு.

நூறு கிலோ பச்சைப் புல் போட்டால் அரைக் கிலோ தைலம் கூடத் தேறாது. அதுக்கு ஒரு நாள் முழுக்க அடுப்பு எரியணும், விறகு வேணும். கூலி போக நிற்கிறது கம்மிதான். ஆனால் அந்த மேடு சும்மா கிடக்கிறது என்று யார் சொன்னாலும் எனக்குச் சிரிப்பு வரும். தைலம் அங்கேதான். சாளைக்கு (குடிசைக்கு) போட்ட கூரைப்புல் அங்கேதான். கூட்டுமாறுக்குச் சிற்றீஞ்சு ஓலை, பிள்ளை பெற்றவளுக்கு நிலப்பனைக் கிழங்கு, சர்பத்துக்கு நன்னாரி. சின்ன வயசில் மாடு மேய்க்கப் போனால் மத்தியானச் சோற்றுக்கே வீட்டுக்கு வரமாட்டோம், கள்ளிமுளையானை ஒடித்து உப்புத் தொட்டுத் தின்போம்.

மொட்டைமேடு என்று பேர் வைத்தது கீழே இருக்கிறவர்கள். எங்கள் ஆட்கள் அதைப் புல்லுமேடு என்றுதான் சொல்வார்கள்.

#9 உடுமலை_தாவரம்

#8-க்கு மேல் நான் சொல்ல எதுவும் இல்லை, ஆனாலும் #7-க்குப் பதில் பாக்கி இருக்கிறது. கேள்வி நியாயமான கேள்வி.

உயரமான மலைகளுக்கு விடை சுலபம். நீலகிரியில் சேற்றுப் படுகைகளைத் தோண்டி, அதில் மக்கிக் கிடந்ததை ஆராய்ந்தபோது, 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் ஓங்கியிருந்தது தெரிந்தது. கோடரியும் கிடையாது, எஸ்டேட்டும் கிடையாது அப்போது. ஆனால் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிற நம் மேட்டுக்கு அதைச் சாட்சியாகக் காட்ட மாட்டேன். இங்கே தைலப்புல் இவ்வளவு அடர்த்தியாக நிற்பதற்கே ஒரு காரணம், வருஷா வருஷம் தீ வைத்ததும் மாடு மற்றப் புல்லைத் தின்று இதை மட்டும் விட்டதும். அதை ஒப்புக்கொள்கிறேன்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? புல்லைப் பார்க்காதீர்கள், புல்லுக்கு அடியில் பாருங்கள். காட்டை அழித்து நேற்று உண்டான புல்லில் எங்கும் கிடைக்கிற களைச்செடிதான் இருக்கும். உண்ணிச்செடி, பார்த்தீனியம். பழைய புல்வெளியில் கிழங்குச் செடி, கட்டை வேர்ச் செடி இருக்கும். அவை பரவ ரொம்ப நிதானம் பிடிக்கும், உழுத நிலத்திலோ நிழலிலோ திரும்ப வருவது அரிது. நிலப்பனை அங்கே நிறைய இருக்கிறது என்றால் அந்த மேடு பழசு.

கரியைப் பற்றி: புல்வெளி தன் கரியில் பெரும்பகுதியை மண்ணுக்குள் வேராக வைத்திருக்கிறது. தீ வந்தால் மேலே உள்ள வைக்கோல் போகும், உள்ளே இருப்பது இருக்கும். வருஷா வருஷம் எரிகிற இடத்தில் மரத்தை வைத்தால் அது தண்டில் சேர்த்த கரி ஒரு பங்குனியில் புகையாகிவிடும். நாட்டு மரமா வெளிநாட்டு மரமா என்பது நிழலுக்குத் தெரியாது.

#10 பழைய_வாச்சர்

தீயைப் பற்றிப் பேசுகிறீர்கள், அதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. இருபத்தெட்டு வருஷம் ஃபயர் வாச்சராக இருந்தேன், நிரந்தரம் ஆகவில்லை, அது வேறு கதை.

எல்லாத் தீயும் ஒன்றில்லை. மார்கழி, தை விடியலில் பனி ஈரத்தோடு போகிற தீ முழங்கால் உயரத்துக்கு மேலே எழும்பாது, திட்டுத் திட்டாக விட்டுவிட்டுப் போகும். முயல் கூட ஓடித் தப்பித்துவிடும். எரவிகுளத்தில் அந்த முறையில் பகுதி பகுதியாக எரிப்பது ரொம்பப் பழைய பழக்கம், வரையாட்டுக்கு இளம்புல் கிடைக்கட்டும் என்று. பங்குனி மத்தியானத்தில், காற்று கீழிருந்து மேலே ஏறும்போது யாரோ பீடியைப் போட்டுவிட்டுப் போகிற தீ, அது பேய். சோலை ஓரம் வரைக்கும் நக்கிவிட்டுத்தான் அடங்கும்.

அதுக்காக யாரும் தீப்பெட்டியோடு மேட்டுக்குப் போய்விடாதீர்கள். உள்ளே தள்ளிவிடுவார்கள், நியாயமும் அதுதான். தீ தாண்டி வராதபடி புல்லை எடுத்து ஃபயர் லைன் வெட்டுங்கள். நாலு மீட்டர் அகலம், மழை நின்றதும் புல் பச்சையாக இருக்கும்போதே.

#11 உடுமலை_தாவரம்

ஐயா சொல்வதில் எனக்கு ஒரு பயம் உண்டு. பனித் தீ என்றாலும் வருஷா வருஷம் ஒரே இடத்தில் வைத்தால் தைலப்புல் மட்டும் மிஞ்சும், பூச்செடி குறையும். மேலே இருக்கிற நீலக்குறிஞ்சி 2018-ல் பூத்தது, அடுத்து 2030. நடுவில் அது வளர்கிற காலம். இப்போது எரிந்தால் 2030-க்குப் பூ எங்கிருந்து வரும்?

#12 பழைய_வாச்சர்

ஒரே இடத்தில் வருஷா வருஷம் என்று நான் சொல்லவே இல்லை டீச்சர். மாற்றி மாற்றி என்றேன். குறிஞ்சி நிற்கிற இடம் எனக்கும் தெரியும்.

#13 வரையாடு_2695

குறிஞ்சி என்றதும் ஞாபகம் வந்தது. 2024-ல் உலக அளவிலான சிவப்புப் பட்டியலில் நீலக்குறிஞ்சியை 'அழிவாய்ப்பு உள்ளது' என்ற வகையில் சேர்த்திருக்கிறார்கள். 2006-ல் அதற்கென்றே கொட்டக்கம்பூர், வட்டவடைப் பக்கம் 32 சதுர கிலோமீட்டரில் குறிஞ்சிமலை சரணாலயம் அறிவித்தார்கள். எல்லையும் பட்டாவும் பற்றிய சண்டை அப்போதே தொடங்கியது. சரணாலயம் என்ற பேரைக் கேட்டாலே விவசாயிக்கு வயிற்றைக் கலக்குகிறது என்றால் அதில் வியப்பில்லை. வெளியே இருக்கிற இந்த மாதிரி மேடுகளை ஊரே பார்த்துக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம்.

#14 பாம்பாற்றுக்கரை

அப்படிச் சொல்லுங்கள். ஆர்க்கிட் இருக்கிறது, கிழங்கு இருக்கிறது என்று நாளைக்கு இங்கேயும் போர்டு வைத்து, மாட்டை விடாதே, விறகு எடுக்காதே என்று வந்துவிட்டால்? ஏற்கெனவே கரும்புக் காட்டில் ஆனைக்கு ஒரு பங்கு, பன்றிக்கு ஒரு பங்கு.

கிளென்மார்கன் கணக்கை மட்டும் என் மகனிடம் படித்துக் காட்டச் சொன்னேன். யோசிக்க வேண்டிய விஷயம்தான். வட்டவடையில் என் மச்சான் நிலத்துக்கு மேலே கிராண்டிஸ் வந்த பிறகு ஊற்று நின்றதை நானே பார்த்திருக்கிறேன். அப்போது காலம் கெட்டுவிட்டது என்று பேசிக்கொண்டோம்.

#15 கோவில்கடவு_கதிர்

நாலு நாளாக இதைப் படித்துக்கொண்டே இருக்கிறேன், பதில் போடக் கூச்சமாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் முதல் பதிவு போடுவதற்கு முன்னாலேயே நாற்பது குழி எடுத்துவிட்டோம்.

நேற்றுச் சாயங்காலம் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு மேலே போனேன். போன வாரம் பெய்த கோடை மழையில் குழி ஓரத்து மண் சரிந்திருந்தது. அதில் கறுப்பாக, விரல் நீளத்துக்கு, செங்குத்தாக ஒரு கிழங்கு. மேலே மூன்று இலை, பனங்கன்று மாதிரி மடிப்பு மடிப்பாக. நடுவில் தரையை ஒட்டி மஞ்சள் பூ ஒன்று, ஆறு இதழ். அப்புறம் எடுத்துப் போட்ட மண்ணைக் கிளறிப் பார்த்தோம். நாற்பது குழியில் இருபத்தேழில் இதே கிழங்கு வெட்டுப்பட்டுக் கிடந்தது. படம் போட்டிருக்கிறேன், இது நிலப்பனைதானே?

#16 தைலக்காரி

அதேதான்.

#17 உடுமலை_தாவரம்

அதேதான் கதிர். வெட்டுப்பட்டது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். துண்டிலிருந்தும் முளைக்கும். திரும்பப் புதைத்துவிடுங்கள்.

#18 மரம்நடுவோம்_சென்னை

படம் பார்த்தேன். இவ்வளவு சின்னப் பூவா? சரி, ஒப்புக்கொள்கிறேன், #2-ல் புல்லைச் செதுக்கச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் 1,500 நாற்றும் வீணாகப் போகக் கூடாது. பாம்பாற்றங்கரையில் கரை அரித்த இடங்கள் இருக்கின்றன அல்லவா? வாய்க்கால் ஓரம், பள்ளிக்கூடம்?

#19 பாம்பாற்றுக்கரை

என் வயலை ஒட்டி ஆற்றுப் பக்கம் நூறு கஜத்துக்குக் கரை பெயர்ந்து கிடக்கிறது. அங்கே மரம் வைக்க எந்த டீச்சரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார் என்று நினைக்கிறேன். புங்கனும் நாவலும் எனக்கு அனுப்புங்கள். சில்வர் ஓக் வேண்டாம்.

#20 கோவில்கடவு_கதிர்

மன்றத்தில் பேசினோம். சண்டைதான், இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள், டீ-ஷர்ட் எல்லாம் அடித்தாயிற்று. கடைசியில் இப்படி முடிவானது. மகாகனியும் சில்வர் ஓக்கும் நர்சரிக்கே திரும்பப் போகின்றன. வேம்பு, புங்கன் ஐப்பசி வரைக்கும் பையிலேயே இருக்கட்டும், மழை பிடித்ததும் ஆற்றங்கரைக்கு. மெம்பருக்கு ஜூன் 5 அன்று போட்டோ வேண்டுமாம், அவருக்காகப் பஸ் ஸ்டாப் பக்கம் ஒரு நெல்லி.

மேட்டின் கீழ்ச்சரிவில் உண்ணிச்செடி ஏறிக்கொண்டு வருகிறது. அதைப் பிடுங்குவதைத் தொழிலுறப்பு (ஊரக வேலை உறுதித் திட்ட) வேலையில் சேர்க்க முடியுமா என்று வார்டு சபையில் கேட்கப் போகிறோம். ஃபயர் லைன் வேலைக்கு வாச்சர் ஐயா வந்து இடம் காட்ட வேண்டும். கார்த்திகையில் டீச்சர் மாணவர்களோடு வரும்போது நாங்களும் கூட நடக்கிறோம், செடிப் பேர் எழுத ஒரு நோட்டு வாங்கியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குழி மூடப் போகிறோம். நாற்பது குழி, பத்து பேர். எப்படி மூடுவது என்று யாராவது சொல்லுங்கள், இப்போதெல்லாம் எதையும் கேட்காமல் செய்யப் பயமாக இருக்கிறது.

#21 பழைய_வாச்சர்

நவம்பர் கடைசியில் வருகிறேன். பஸ் செலவு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

#22 தைலக்காரி

அடி மண் அடியில், மேல் மண் மேலே. கிழங்கைக் குப்புறப் போட்டுவிடாதீர்கள், இலை வந்த பக்கம் வானத்தைப் பார்க்கணும். பக்கத்துத் தூரிலிருந்து தைலப்புல்லை வேரோடு கொஞ்சம் பிரித்து, மூடின இடத்தில் ரெண்டு ரெண்டாக ஊன்றிவிட்டால் மண் அரிக்காது. நுனியைக் கிள்ளிவிட்டு ஊன்றணும். ஏழு மணிக்கு முன்னாலேயே ஏறிவிடுங்கள், வெயில் வந்தால் பாறை சுடும். நானும் வருகிறேன் தம்பி, கடப்பாரை வேண்டாம், களைக்கொத்து போதும்.